எழுத்தையே பாடமாகப் படிக்கலாமா? மேஜர், மைனர் தேர்வுக்கு முன் மாணவர்கள் அறிய வேண்டியவை

புதுதில்லி: "எழுத்தாளராக வேண்டும், அதற்கு எந்தப் பட்டப்படிப்பில் சேர வேண்டும்?" பன்னிரண்டாம் வகுப்பை முடித்த மாணவர் இவ்வாறு கேட்டால், நம் நாட்டில் நெடுங்காலமாகக் கிடைத்து வந்த விடைகள் இரண்டே. ஒன்று இலக்கியம், மற்றொன்று இதழியல். எழுதுவதையே பாடமாகக் கொண்டு பட்டம் பெறலாம் என்ற எண்ணம் இந்தியப் பல்கலைக்கழகங்களில் அண்மைக் காலத்தில்தான் இடம்பெறத் தொடங்கியுள்ளது. தேசிய கல்விக் கொள்கை 2020-ஐ ஒட்டி இளநிலைப் படிப்பின் அமைப்பு மாறிய பின்னர், 'மேஜர்' எனப்படும் முதன்மைப் பாடத்தையும் 'மைனர்' எனப்படும் துணைப் பாடத்தையும் தேர்ந்தெடுக்கும் உரிமை மாணவருக்கு வந்துள்ளது. அந்த உரிமையை எழுத்துக் கல்விக்கு எந்த அளவு பயன்படுத்த இயலும் என்பதே இப்போது பெற்றோரும் மாணவரும் எதிர்கொள்ளும் கேள்வி.

கணக்கு என்ன சொல்கிறது?

பல்கலைக்கழக மானியக் குழு 2022 டிசம்பரில் வெளியிட்ட பாடத்திட்ட, கிரெடிட் கட்டமைப்பின்படி, மூன்றாண்டுப் பட்டத்துக்குக் குறைந்தது 120 கிரெடிட்டுகளும் நான்காண்டு ஹானர்ஸ் பட்டத்துக்குக் குறைந்தது 160 கிரெடிட்டுகளும் தேவை. இவற்றுள் முதன்மைப் பாடத்துக்கு முறையே 60, 80 கிரெடிட்டுகளும், துணைப் பாடத்துக்கு 24, 32 கிரெடிட்டுகளும் ஒதுக்கப்பட்டுள்ளன. இவை குறைந்தபட்ச அளவுகள் மட்டுமே. ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தன் தேவைக்கேற்ப இவற்றைக் கூட்டிக்கொள்ளலாம். எடுத்துக்காட்டாக, தில்லி பல்கலைக்கழகத்தின் நான்காண்டுப் படிப்பு 176 கிரெடிட்டுகளைக் கொண்டது. அங்கு ஒரு துறையில் மைனர் பெற 28 கிரெடிட்டுகள் வேண்டும்.

ஒரு கிரெடிட் என்பது ஒரு பருவத்தில் 15 மணி நேர வகுப்பைக் குறிக்கும். ஆயினும் செய்முறைப் பாடத்துக்கும், கலைப் படைப்பு சார்ந்த 'ஸ்டுடியோ' பயிற்சிக்கும் அதே ஒரு கிரெடிட்டுக்கு 30 மணி நேரம் கணக்கிடப்படுகிறது. எழுத்துப் படிப்பைப் பொறுத்தவரை இவ்வேறுபாடு முக்கியமானது. நான்கு கிரெடிட் கொண்ட படைப்பெழுத்துத் தாள் விரிவுரையாக நடத்தப்பட்டால் 60 மணி நேரம் கிடைக்கும். எழுதிப் பழகும் பயிற்சியாக நடத்தப்பட்டால் 120 மணி நேரம் கிடைக்கும். பாடத்தின் பெயர் ஒன்றாக இருந்தாலும் மாணவர் பெறும் பயிற்சி ஒன்றல்ல.

துணைப் பாடம் என்ற கருத்து நமக்கு முற்றிலும் புதியதும் அன்று. தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் 'அலைடு' என்ற பெயரில் சார்புப் பாடங்கள் பல தலைமுறைகளாகவே உள்ளன. தமிழ்நாடு அரசு தேசிய கல்விக் கொள்கையை ஏற்கவில்லை என்பதால் மாநிலப் பல்கலைக்கழகங்களின் கல்லூரிகளில் மூன்றாண்டுப் பட்டப்படிப்பே தொடர்கிறது. அங்கு இளங்கலைத் தமிழ் பயில்வோர் 'படைப்பிலக்கியம்' போன்ற பெயரில் ஓரிரு தாள்களைப் பயில வாய்ப்புண்டு. அதைத் தனி மைனராகக் கருத இயலாது.

எங்கே கிடைக்கிறது?

ஹரியானா மாநிலம் சோனிபத்தில் உள்ள அசோகா பல்கலைக்கழகத்தில் படைப்பெழுத்தை மைனராகப் பயிலலாம். பொருளாதாரமோ கணினி அறிவியலோ முதன்மைப் பாடமாகக் கொண்டவரும் அதனைத் தேர்ந்தெடுக்க முடியும். முதுநிலையில், தில்லி அம்பேத்கர் பல்கலைக்கழகம் படைப்பெழுத்தை மையமாகக் கொண்ட எம்.ஏ. படிப்பை வழங்குகிறது. கேரளத்தின் திரூரில் 2012-இல் நிறுவப்பட்ட துஞ்சத்து எழுத்தச்சன் மலையாளப் பல்கலைக்கழகம், இலக்கியப் படைப்பை எம்.ஏ. பாடமாக மலையாளத்திலேயே கற்பிக்கிறது. திரைக்கதையில் நாட்டம் உள்ளோருக்கு புனே திரைப்படக் கல்லூரி தனிப் படிப்பு ஒன்றை நடத்துகிறது.

தில்லி பல்கலைக்கழகத்தின் நிலை சற்று வேறு. அங்கு படைப்பெழுத்து பல ஆண்டுகளாக ஆங்கிலத் துறையின் ஒரு தாளாக இருந்து வருகிறது. அப்பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூவர் எழுதிய பாடநூல் 2009-இல் வெளிவந்தது. தாள் வேறு, மைனர் வேறு என்பதை மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டும். ஒரு தாளைப் பயின்றவரின் மதிப்பெண் பட்டியலில் அதன் பெயர் இருக்குமேயன்றி, அத்துறையில் மைனர் பெற்றதாகக் குறிக்கப்படாது.

கட்டணத்தாலோ தொலைவாலோ இவ்விடங்களுக்குச் செல்ல இயலாதோர்க்கு இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலப் படைப்பெழுத்து டிப்ளமோ உள்ளது. பன்னிரண்டாம் வகுப்புத் தேர்ச்சி போதுமானது. சிறப்புக் கட்டுரை, சிறுகதை, கவிதை, வானொலி மற்றும் தொலைக்காட்சிக்கான எழுத்து ஆகியன அதில் அடங்கும். ஒரே காலத்தில் இரு படிப்புகளைப் பயில மானியக் குழு 2022 ஏப்ரலில் அனுமதி அளித்தது. எனவே, கல்லூரியில் நேரடியாக பி.எஸ்சி. படிக்கும் ஒருவர், தொலைநிலையில் இந்த டிப்ளமோவையும் முறையாகப் பெறலாம். மைனர் வசதி இல்லாத கல்லூரியில் சேர்ந்தோர்க்கு இது நடைமுறைக்கு ஏற்ற வழியாகும்.

வகுப்பறையில் என்ன நடக்கிறது?

எழுத்துப் படிப்பின் உயிர்நாடி 'பட்டறை' முறையாகும். அமெரிக்காவின் ஐயோவா பல்கலைக்கழகத்தில் 1936-இல் தொடங்கப்பட்ட எழுத்தாளர் பட்டறை இதற்கு முன்னோடி. பிரிட்டனில் கிழக்கு ஆங்கிலியா பல்கலைக்கழகம் 1970-இல் படைப்பெழுத்துக்கென எம்.ஏ. தொடங்கியது. மாணவர் தம் வரைவை வகுப்புக்கு முன்பே அனைவருக்கும் வழங்குவார். மற்றவர்கள் அதனைப் படித்து, எந்த இடத்தில் கதை தளர்கிறது, எந்தச் சொல் தேவையற்றது, எங்கே குழப்பம் நேர்கிறது என்று கூறுவர். எழுதியவர் பெரும்பாலும் குறுக்கிடாமல் கேட்டுக்கொண்டிருப்பார். பின்னர் திருத்தி எழுதி, புதிய வரைவோடு வருவார்.

இம்முறை சிறு குழுவில்தான் இயங்கும். ஒரு பிரிவில் 60 மாணவர்கள் இருந்து, ஒவ்வொருவரும் 2,000 சொற்கள் கொண்ட மூன்று ஆக்கங்களை அளித்தால், ஆசிரியர் ஒரு பருவத்தில் படிக்க வேண்டியது 3,60,000 சொற்கள். திருத்திய வரைவுகள் இதில் சேரவில்லை. 12 பேர் மட்டுமே என்றால் அது 72,000 சொற்களாகக் குறையும். ஆகவே, "ஒரு பிரிவில் எத்தனை பேர், என் வரைவை யார் படிப்பார், ஒரு பருவத்தில் எத்தனை முறை திருத்திக் கொடுப்பார்?" என்ற கேள்விகளைச் சேர்க்கைக்கு முன்பே கேட்டுவிட வேண்டும். விளக்கக் கையேட்டின் வண்ணப் படங்கள் இதற்கு விடை தரமாட்டா. மதிப்பெண் முழுவதும் மூன்று மணி நேர எழுத்துத் தேர்வுக்கே என்றால், அங்கு கற்பிக்கப்படுவது எழுத்தைப் பற்றிய பாடமே, எழுத்து அன்று.

மேஜரா, மைனரா?

பெரும்பாலான மாணவர்களுக்கு மைனரே பொருத்தமானது எனத் தோன்றுகிறது. இதற்கு முதற்காரணம் வேலை சார்ந்தது. கல்லூரி உதவிப் பேராசிரியர் பணிக்கான யுஜிசி நெட் தேர்வில் ஆங்கிலம், இந்தி, தமிழ், இதழியல் ஆகியவை தனிப் பாடங்களாக உள்ளன. படைப்பெழுத்து அப்பட்டியலில் இல்லை. ஆசிரியப் பணியை நாடுவோர் முதன்மைப் பாடமாக ஒரு மொழியையோ இலக்கியத்தையோ கொள்வதே பாதுகாப்பு. பதிப்பகம், விளம்பரம், மென்பொருள் ஆவணம், திரைத்துறை ஆகிய இடங்களில் பட்டத்தின் பெயரைக் காட்டிலும் கையில் உள்ள ஆக்கங்களே பார்க்கப்படுகின்றன. அவற்றை மைனர் படிப்பிலும் உருவாக்க முடியும்.

எழுதுவதற்குப் பொருள் வேண்டும் என்பது மற்றொரு காரணம். சட்டம் படித்தவர் தீர்ப்புகளை எளிய நடையில் விளக்கலாம். உயிரியல் படித்தவர் நோய்களைப் பற்றிப் பிழையின்றி எழுதலாம். நம் நாட்டு நாளிதழ்களில் அறிவியல் செய்திகள் தடுமாறும் இடங்களைக் கண்டோர்க்கு இத்தகையோரின் தேவை விளங்கும். அதேவேளையில், முழுநேரமும் புனைவிலேயே ஈடுபட உறுதி கொண்டு, குடும்பத்தின் பொருளாதாரமும் இடம்தரும் மாணவர் மேஜராகவே பயில்வதைத் தவறெனக் கூறுவதற்கில்லை.

தீர்வு காணப்படாத குறை ஒன்றுண்டு. இளநிலையில் கிடைக்கும் வாய்ப்புகளில் பெரும்பகுதி ஆங்கில எழுத்துக்கானவை. புதிய கட்டமைப்பில் இந்திய மொழிகளுக்கும் ஆங்கிலத்துக்குமாக 8 கிரெடிட்டுகள் ஒதுக்கப்பட்டிருந்தாலும், அவை மொழித்திறனை வளர்ப்பதற்கானவை. தாய்மொழியில் நாவலோ கட்டுரையோ எழுத விழையும் மாணவருக்குத் திரூரில் உள்ளது போன்ற வாய்ப்பு வேறு மொழிகளில் அரிதாகவே உள்ளது. தமிழில் எழுத விரும்புவோர் இன்றும் நூலகத்தையும் சிற்றிதழ்களையும் மூத்த எழுத்தாளர்களின் நட்பையுமே பள்ளியாகக் கொள்ள வேண்டியுள்ளது.

முடிவை முதல் நாளிலேயே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. இரண்டாம் பருவத்தின் இறுதியில், தாம் சேர்ந்த பரந்த துறைக்குள் முதன்மைப் பாடத்தை மாற்றிக்கொள்ள மானியக் குழுவின் கட்டமைப்பு இடமளிக்கிறது. முதல் ஆண்டிலேயே ஒரு பட்டறைத் தாளை எடுத்து, தம் வரைவுகளைத் தேதியிட்டுச் சேமித்து வைக்கும் மாணவர், அப்போது அவற்றை முன்வைத்துத் துறை ஆசிரியரிடம் கலந்து பேசலாம்.