ஜெப நேரத்தில் மூன்றாவது விசில்

மாலை ஏழரை மணி. கூடத்தில் பாய் விரித்துக் குடும்பம் உட்கார்ந்திருக்கிறது. சங்கீதம் வாசித்தாயிற்று, பாட்டு பாடியாயிற்று, அப்பா ஜெபிக்கிறார். ஊரிலுள்ள நோயாளிகள், வெளிநாட்டில் வேலை பார்க்கும் சொந்தங்கள், பரீட்சை எழுதப்போகும் பிள்ளைகள் என்று ஜெபம் நீண்டுகொண்டே போகிறது. அடுக்களையில் குக்கர் ஒரு விசில் அடிக்கிறது. கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. மூன்றாவது விசில் வந்ததும், கண்ணை இறுக மூடியபடியே கடைக்குட்டி சொல்கிறான்: "அம்மா, மூணு ஆயிடுச்சு." அம்மாவால் சிரிப்பை அடக்க முடியவில்லை, அவளும் எண்ணிக்கொண்டுதான் இருந்தாள். அப்பா அவசரமாக ஆமென் சொல்கிறார். அவரும் எண்ணியிருக்கிறார் என்பது அப்போதுதான் தெரிகிறது.

கிறிஸ்தவத் தமிழ் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் காட்சி ஏதாவதொரு வடிவத்தில் நினைவிருக்கும். அடுத்து நடப்பதும் நினைவிருக்கும்: "ஜெபத்துல என்ன சிரிப்பு?" என்று ஒரு அதட்டல். அதோடு எல்லாம் முடிந்துவிடும். முடிந்திருக்க வேண்டியதில்லை. அந்தச் சிரிப்புக்குள் ஒரு நல்ல கேள்வி ஒளிந்திருந்தது. வாய் ஆண்டவரோடு பேசும்போது காது அடுப்பில் இருந்தால் அது ஜெபமா, இல்லையா?

இந்தக் கேள்வியோடு வாழ்நாளைக் கழித்தவர் ஒருவர் உண்டு. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சமையல்கட்டு வேலை பார்த்த சகோதரர் லாரன்ஸ். சமையல் வேலை அவருக்குப் பிடித்தமானதல்ல. ஆனாலும் பாத்திரச் சத்தத்துக்கு நடுவே, ஒரே நேரத்தில் பலர் பலதைக் கேட்டு நச்சரிக்கும்போதும், ஆலயத்தில் முழந்தாளிட்டிருக்கும் அதே அமைதியோடு கடவுளுடன் இருக்க முடிகிறது என்று அவர் சொன்னார். 1691இல் அவர் இறந்த பிறகு அவருடைய கடிதங்களையும் உரையாடல்களையும் தொகுத்து வெளியிட்டார்கள். கத்தோலிக்கர், சீர்திருத்தச் சபையார் என்ற வேறுபாடில்லாமல் இன்றுவரை அந்தச் சிறுநூலைப் படிக்கிறார்கள். அவருக்கு ஒரு நூற்றாண்டு முன்பே அவிலா நகரத்துத் தெரேசாவும் தம் கன்னியர்களுக்கு இதையே சொல்லியிருந்தார்: சமையலறைச் சட்டிபானைகளுக்கு நடுவிலும் ஆண்டவர் நடமாடுகிறார். ஆகவே விசிலை எண்ணிய அம்மா ஜெபத்தை விட்டு வெளியே போய்விட்டாள் என்று யாரும் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. கடைக்குட்டியின் ஒற்றை வரியால் அன்று அந்த வீட்டில் இவ்வளவும் பேசியிருக்கலாம்.

அன்றாட வேடிக்கைகளில் விசுவாசப் பாடம் தேடுவது பிரசங்கத்தில் தூங்குகிறவர்களை எழுப்பும் உத்தி என்று சிலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. அது வேதாகமத்துக்குள்ளேயே இருக்கும் வழி. நாம்தான் பயபக்தியில் குரலைத் தாழ்த்தி வாசித்து வாசித்து, அதிலுள்ள சிரிப்பைக் கேட்காமல் விட்டுவிட்டோம்.

ஒரு குழந்தைதான் அதை மறுபடி கேட்கவைத்தது. அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்தின் எர்லாம் கல்லூரியில் தத்துவம் கற்பித்தவர் எல்ட்டன் ட்ரூபிளட். குவேக்கர் சபையைச் சேர்ந்தவர். ஒருநாள் அவர் வீட்டில் மத்தேயு 7ஆம் அதிகாரத்தை வாசித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்தவன் கண்ணிலுள்ள துரும்பைப் பற்றிக் கவலைப்படுகிறவன் தன் கண்ணிலுள்ள உத்திரத்தை அறியாமல் இருக்கிறான் என்று இயேசு சொல்லும் பகுதி. பெரியவர்கள் முகத்தில் சலனமில்லை. நான்கு வயது மூத்த மகன் மட்டும் சிரித்துவிட்டான். கண்ணில் உத்திரம் துருத்திக்கொண்டிருக்க, இன்னொருவன் கண்ணில் தூசி தேடும் ஆளை அவன் மனக்கண்ணில் பார்த்துவிட்டான். அந்தச் சிரிப்பு தகப்பனை விடவில்லை. நற்செய்தி நூல்களை மறுபடி எடுத்து வாசித்தார். 1964இல் கிறிஸ்துவின் நகைச்சுவையைப் பற்றியே ஒரு புத்தகம் எழுதினார். முதல் மூன்று நற்செய்திகளிலிருந்து நகைச்சுவையுள்ள 30 பகுதிகளை அதில் பட்டியலிட்டார்.

உத்திரம் என்ற சொல்லைத் தமிழில் வாசிக்கிறவர்களுக்கு அந்தச் சிறுவனைவிட ஒருபடி கூடுதல் வசதி உண்டு. ஓட்டு வீட்டின் கூரை முழுவதையும் தாங்கிச் சுவருக்குச் சுவர் நீளும் மரம் அது. அதை ஏற்ற நாலு ஆள் வேண்டும். அதைக் கண்ணில் வைத்துக்கொண்டு ஒருவன் தெருவில் நடந்து வருகிறான், "கொஞ்சம் நில்லுங்க, உங்க கண்ணுல ஏதோ தூசி" என்கிறான்! சொன்னவர் தச்சுப் பட்டறையில் வளர்ந்தவர் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மரத்தூளும் உத்திரமும் அவர் கையில் தினமும் புழங்கியவை. கொசுவை வடிகட்டிவிட்டு ஒட்டகத்தை விழுங்குகிறவர்கள் என்று பரிசேயரைச் சொன்னதும் இதே பாணிதான். தீட்டான பூச்சி தவறி வயிற்றுக்குள் போய்விடக் கூடாதே என்று பானத்தைத் துணியில் வடிகட்டிக் குடிக்கும் ஆட்கள், அதே நியாயப்பிரமாணத்தில் தீட்டென்று எழுதியிருக்கும் ஒட்டகத்தை, திமில் கால் எல்லாவற்றோடும் விழுங்குகிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு நின்றிருக்கும் என்று நம்ப முடிகிறதா?

சிரிப்பிலிருந்து விசுவாசத்துக்குப் போகும் பாதையை வேதாகமம் முழு நீளத்தில் காட்டுவது சாராளின் கதையில்தான். கூடார வாசலுக்குப் பின்னால் நின்று அவள் ஒட்டுக்கேட்கிறாள். மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்தாளிகள், உன் மனைவிக்குப் பிள்ளை பிறக்கும் என்று ஆபிரகாமிடம் சொல்கிறார்கள். அவருக்கு 100 வயது நெருங்குகிறது, அவளுக்கு 90. சாராளுக்கு உள்ளுக்குள் சிரிப்பு வருகிறது. சாராள் ஏன் சிரித்தாள் என்று ஆண்டவர் கேட்கிறார். பயந்துபோய், நான் சிரிக்கவில்லை என்கிறாள். இல்லை, நீ சிரித்தாய் என்று பதில் வருகிறது.

பேச்சு அதோடு நிற்கிறது. கோபம் இல்லை, சாபம் இல்லை. வாக்கும் திரும்பப் பெறப்படவில்லை. அதற்கு முந்தின அதிகாரத்தில் ஆபிரகாமும் இதே செய்திக்கு முகங்குப்புற விழுந்து சிரித்திருக்கிறார், அது நமக்கு அவ்வளவாக நினைவிருப்பதில்லை. பிள்ளை பிறக்கிறது. அதற்கு ஈசாக்கு என்று பெயர் வைக்கிறார்கள். எபிரெயத்தில் அந்தப் பெயருக்கு 'அவன் சிரிக்கிறான்' என்று பொருள். நம்ப முடியாமல் சிரித்த அதே சிரிப்பைத் தாயும் தகப்பனும் வாழ்நாள் முழுவதும் பிள்ளையின் பெயராகவே கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சந்தேகச் சிரிப்பு சந்தோஷச் சிரிப்பாக மாறியதைச் சாராளே வாய்திறந்து சொல்கிறாள். விசுவாசம் எப்போதும் முழு வளர்ச்சியோடு தொடங்குவதில்லை என்பதை இதைவிடக் கனிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

புதிய ஏற்பாட்டில் ரோதை என்ற வேலைக்காரப் பெண் வருகிறாள், அப்போஸ்தலர் நடபடிகள் 12ஆம் அதிகாரத்தில். பேதுரு சிறையில் இருக்கிறார், சபையார் ஒரு வீட்டில் கூடி அவருக்காக ஊக்கமாக ஜெபிக்கிறார்கள். ஜெபம் கேட்கப்பட்டுவிட்டது. தேவதூதன் விடுவிக்க, பேதுரு நேரே அந்த வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுகிறார். குரலை அடையாளம் கண்ட ரோதை, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்துவிட்டு உள்ளே ஓடுகிறாள். பேதுரு வாசலில் நிற்கிறார் என்கிறாள். உனக்குப் பைத்தியம் என்கிறார்கள். இல்லையில்லை என்று அவள் அடித்துச் சொல்ல, அப்படியானால் அது அவருடைய தூதனாயிருக்கும் என்கிறார்கள். வெளியே பேதுரு இன்னும் தட்டிக்கொண்டே இருக்கிறார். ஜெபித்தது கிடைத்துவிட்டது என்பதை நம்ப மறுத்தவர்கள் ஜெபக் கூட்டத்தில் இருந்தவர்களே! மழைக்காக ஜெபிக்கப் போகும்போது குடையை எடுத்துக்கொண்டு போகிறோமா என்று போதகர்கள் கேட்பது வழக்கம். அந்தக் கேள்விக்கு மூதாதை இந்தப் பெண்தான்.

பிரசங்கத்தில் கண் அசந்து போகிறவர்களுக்கும் அதே புத்தகத்தில் ஒரு துணை உண்டு. துரோவா பட்டணத்தில் மேல்வீட்டில் பவுல் நள்ளிரவு வரை பேசுகிறார். அறையில் விளக்குகள் நிறைய எரிந்ததாக லூக்கா குறித்து வைத்திருக்கிறார். ஜன்னலில் உட்கார்ந்திருந்த ஐத்திகு என்ற வாலிபன் தூக்கத்தில் சரிந்து மூன்றாம் மாடியிலிருந்து கீழே விழுகிறான். பவுல் இறங்கிப்போய் அவனை அணைத்துக்கொள்கிறார், அவன் பிழைக்கிறான். அதன்பின் பவுல் மேலே ஏறி, அப்பம் பிட்டு, விடியும்வரை பேசுகிறார்! தூங்கியதற்காக அவனை ஒரு வார்த்தை கண்டித்ததாக எழுதவில்லை.

சிரிப்பின் வழியே பாடம் சொல்லும் இந்த மரபைத் தெருவுக்குக் கொண்டுவந்தவர் பிலிப் நேரி. 1515இல் ஃபிளாரன்ஸில் பிறந்து ரோமில் வாழ்ந்த குரு. தம்மைப் பரிசுத்தர் என்று மதித்து மக்கள் கூடத் தொடங்கியதும், தாடியில் ஒரு பாதியை மட்டும் மழித்துக்கொண்டு வெளியே போனார் என்று அவருடைய வரலாற்றில் சொல்வார்கள். அவரோடு இருந்த குரு ஒருவர் மிக அழகாகப் பிரசங்கம் செய்து புகழ் பெற்றாராம். அதே பிரசங்கத்தை வார்த்தை மாறாமல் ஆறு தடவை செய்யும்படி நேரி சொன்னார். இவருக்குத் தெரிந்தது இந்த ஒரு பிரசங்கம்தான் போலிருக்கிறது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். தாழ்மையைப் பற்றி மணிக்கணக்கில் உபதேசித்தாலும் இந்த அளவுக்கு உறைக்காது. 1622இல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. முத்துக்குளித்துறை மக்களிடையே பணிசெய்த பிரான்சிஸ் சவேரியாருக்கும் அதே நாளில்தான் புனிதர் பட்டம்.

தமிழில் இந்த வேலையைப் பெரிய அளவில் செய்தவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774 – 1864). பாமர மக்கள் கைதட்டிப் பார்த்த குறவஞ்சியை, அதன் சிரிப்பும் ஆட்டமும் குறையாமல் எடுத்து, பெத்லகேம் குறவஞ்சியாக்கினார். வலை விரித்துப் பறவை பிடிக்கும் சிங்கனின் கலகலப்பான கூத்து, அவர் கையில் நற்செய்தி வலையில் ஆத்துமாக்களைச் சேர்க்கும் உருவகமாயிற்று. சிரிக்க வந்தவர்கள் உபதேசத்தையும் கேட்டுக்கொண்டு போனார்கள்.

ஆனால் எல்லாச் சிரிப்பும் இந்தக் கணக்கில் சேராது. பவேரியா முதலிய ஜெர்மானியப் பகுதிகளில் 'ஈஸ்டர் சிரிப்பு' என்றொரு வழக்கம் இருந்தது. தபசு நாட்களின் துக்கம் முடிந்து, மரணம் தோற்றுப்போன மகிழ்ச்சியில் ஈஸ்டர் அன்று குருமார் பிரசங்க மேடையில் வேடிக்கைக் கதை சொல்லிச் சபையைச் சிரிக்கவைப்பார்கள். நோக்கம் அருமையானது. போகப்போகக் கதைகள் ஆபாசமாயின. 1518இலேயே எக்கோலம்பாடியுஸ் என்ற இறையியலாளர் அதைக் கண்டித்து எழுதினார், பின்னாளில் தடைகளும் வந்தன. ஒரு நல்ல வழக்கம் தன் கையாலேயே கெட்டுப்போனது.

நம்முடைய மேடைகளிலும் இந்த ஆபத்து இருக்கிறது. மனைவியைக் கேலி செய்யும் துணுக்கு, நிறத்தையும் உடற்குறையையும் வைத்துச் சிரிப்புமூட்டும் கதை இவையெல்லாம் இன்னும் பிரசங்கத்தில் வந்துகொண்டுதான் இருக்கின்றன. சபை சிரிக்கும், ஆனால் ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டிருப்பாள். சோதனை எளிது: சிரிப்பு யார் மேல் விழுகிறது? உத்திரம் சொல்கிறவனுடைய கண்ணில் இருக்கும்வரை அது நற்செய்தி. அடுத்தவன் கண்ணுக்கு அதை மாற்றிவிட்டால் வெறும் ஏளனம்.

இன்னொன்றும் உண்டு. கிறிஸ்துமஸ் நாடகத்தில் சத்திரக்காரனாக நடித்த சிறுவன், வசனத்தை மறந்து, யோசேப்பையும் மரியாளையும் வீட்டுக்குள் கூப்பிட்டுவிட்ட கதையைப் பல மேடைகளில் உண்மைச் சம்பவமாகவே சொல்கிறார்கள். அது 1960களில் ஓர் அமெரிக்க இதழில் வந்த சிறுகதை. கதையென்று சொல்லியே சொல்லலாமே! நெஞ்சைத் தொடும் அதன் வலு குறையாது. உண்மை வேண்டுமென்றால் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடும் பாட்டியையும், கண்டுபிடித்ததும் எல்லாரும் சேர்ந்து சிரிக்கும் அந்த நிமிடத்தையும் பார்த்தவர்களுக்கு லூக்கா 15ஆம் அதிகாரத்தில் காணாமற்போன காசைத் தேடிய பெண் அந்நியமாகத் தெரியமாட்டாள். விளக்கைக் கொளுத்தி, வீட்டைப் பெருக்கி, ஒருநாள் கூலிக்குச் சமமான ஒற்றைக் காசைக் கண்டெடுத்ததற்குத் தெருவையே கூட்டியவள் அவள். ஒரு பாவி மனந்திரும்பும்போது பரலோகத்தில் உண்டாகும் சந்தோஷத்துக்கு இயேசு அதைத்தான் உவமையாகச் சொன்னார்.

2024 ஜூன் 14 அன்று போப் பிரான்சிஸ் பல நாடுகளிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட நகைச்சுவைக் கலைஞர்களை வத்திக்கானுக்கு வரவழைத்துச் சந்தித்தார். நேசிக்கிறவர்களோடு நாம் விளையாடிச் சிரிப்பதுபோலக் கடவுளோடும் சிரிக்கலாம் என்பது அவர் அவர்களிடம் சொன்னதன் சாரம். நகைச்சுவை உணர்வு வேண்டி, தாமஸ் மோர் பெயரால் வழங்கும் ஒரு ஜெபத்தைத் தினமும் சொல்லிவந்தவர் அவர்.

ஆகவே பெற்றோருக்கும் ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்தமுறை குடும்ப ஜெபத்திலோ வேதபாட வகுப்பிலோ பிள்ளை களுக்கென்று சிரித்துவிட்டால், உடனே அதட்டிவிடாதீர்கள். ஆமென் சொன்னபிறகு அருகே உட்காரவைத்து, ஏன் சிரித்தாய் என்று கேளுங்கள். சாராள் சிரித்தபோது ஆண்டவர் கேட்டதும் அந்தக் கேள்விதான்.