எரிக்கப் போன பட்டுப்புடவை ஏற்றி வைத்த அடுப்பு! பழந்துணியை செல்போனில் விற்று குடும்பம் நடத்தும் வண்ணாரப்பேட்டை பெண்

சென்னை,

"பழைய துணிக்குப் பாத்திரம்...ம்...ம்!"

சென்னைத் தெருக்களில் ஒரு காலத்தில் காலை பத்து மணி ஆனால் இந்தக் குரல் கேட்கும். தலையில் எவர்சில்வர் கூடை. தோளில் பழந்துணி மூட்டை. ஒரு தூக்குச் சட்டிக்கு நாலு புடவை, ரெண்டு பேண்ட் என்று வாசல்படியில் பேரம் நடக்கும்.

அப்படிக் கூடை சுமந்த தாயின் மகள், இன்று அதே பழந்துணியை செல்போனில் விற்கிறார். கூடை இல்லை. கூவல் இல்லை. செலவெல்லாம் போக மாதம் சுமார் 12 ஆயிரம் ரூபாய் கையில் நிற்கிறது.

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒண்டுக் குடித்தனம். வயது 38. படிப்பு பத்தாம் வகுப்பு. கணவர் லோடு ஆட்டோ டிரைவர். மகள் கல்லூரியில், மகன் பள்ளியில். பெயர் வேண்டாம் என்கிறார்.

"சொந்தக்காரங்களுக்குத் தெரிஞ்சா, 'அடுத்தவங்க கட்டின துணியை விக்கிறா'ன்னு பேசுவாங்க. பேசிட்டுப் போறாங்க. ஆனா பொண்ணுக்கு வரன் பாக்கிற நேரத்துல பேசக் கூடாது பாருங்க!"

எடைக்கு ரூ.900

இந்தத் தொழில் அவரைத் தேடி வந்தது 2020-ல். கொரோனா ஊரடங்கு. லோடு ஆட்டோ தெருவோரம் நின்றது. நகை ஏற்கனவே அடகுக் கடையில். வாடகை மூன்று மாதம் பாக்கி.

பீரோவில் மிச்சம் இருந்தது ஒரே ஒரு பொருள். முகூர்த்தப் பட்டு!

ஊரடங்கு தளர்ந்ததும், பழைய பட்டுப்புடவை வாங்கும் கடைக்கு அதை எடுத்துப் போனார். கடைக்காரர் புடவையின் அழகைப் பார்க்கவில்லை. சரிகையை உரசிப் பார்த்தார். எடை போட்டார். 900 ரூபாய் என்றார்.

அசல் சரிகை என்பது பட்டு நூலின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசியது. இப்படி வாங்கும் புடவைகளில் சரிகையை அறுத்து எடுத்து எரிப்பார்கள். நூல் சாம்பலாகும். வெள்ளி மிஞ்சும். அந்த வெள்ளிக்குத்தான் விலை.

"எரிப்பாங்கன்னு கேட்டதும் வயித்தைப் பிசைஞ்சுடுச்சு. மணவறையில கட்டிக்கிட்டு உக்காந்த புடவை. திருப்பி எடுத்துக்கிட்டு வந்துட்டேன்" என்கிறார்.

பக்கத்துக் குடித்தனத்துக் கல்லூரிப் பெண் ஒரு யோசனை சொன்னாள். கொடியில் விரித்துப் போட்டு நாலு போட்டோ எடுத்தாள். இன்ஸ்டாகிராமில் ஏற்றினாள். மூன்றாம் நாள் திருநெல்வேலியில் இருந்து ஒரு டீச்சர் வாங்கினார். விலை 3,200 ரூபாய்!

ஒரு மாத வாடகை அடைந்தது. ஒரு பிழைப்புக்கும் வழி பிறந்தது.

அதே தெருவில் நாலு வீட்டுப் பெண்கள், "எங்க புடவையையும் போட்டுக் குடு" என்று வந்தார்கள். ஊரடங்கில் காசு தட்டாத வீடு எது?

கறையை மறைத்தால் காலி

இந்த வியாபாரத்தில் ரகசியம் ஒன்றும் இல்லை. கண்ணும் மூக்கும் கூர்மையாக இருக்க வேண்டும்.

முதலில் துணி. பட்டா, பாலியஸ்டரா என்று சந்தேகம் வந்தால், உள் ஓரத்தில் ஒரு இழையை உருவிக் கொளுத்திப் பார்க்கிறார். அசல் பட்டு என்றால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பலை விரலால் தேய்த்தால் பொடியாகும். பாலியஸ்டர் உருகி மணி போலக் கெட்டியாகும்.

அடுத்து மடிப்பு. பீரோவில் வருடக்கணக்கில் ஒரே மடிப்பில் கிடந்த பட்டு, மடிப்பு ஓரத்திலேயே இற்றுப் போகும். பார்க்கப் புதிது போல இருக்கும். கட்டி உட்கார்ந்தால் டர்ரென்று கிழியும். வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்தால் இற்ற இடம் தெரிந்து விடும். சென்ட் பட்ட சரிகையும், அந்துருண்டை ஒட்டிக் கிடந்த சரிகையும் கறுக்கும்.

போட்டோ எடுப்பது பகல் வெளிச்சத்தில் மட்டும். டியூப் லைட்டில் எடுத்தால் அரக்கு, மெரூனாகத் தெரியும். பச்சை, நீலமாகத் தெரியும். பார்சலைப் பிரித்தவுடன் சண்டை வரும்.

கறை, ஓட்டை, தையல் விட்ட இடம் எல்லாவற்றையும் தனித்தனியாகப் படம் பிடித்துப் போடுகிறார். "வட்டம் போட்டுக் காட்டிடுவேன். ஒரு புடவை விக்காம போனா போவுது. பேரு போச்சுன்னா திரும்ப வருமா?" என்று கேட்கிறார்.

இறந்து போனவர்களின் புடவையும் விற்பனைக்கு வருவது உண்டு. சிலர் அதை வாங்க மாட்டார்கள். கேட்பவர்களிடம் மறைக்காமல் சொல்லி விடுகிறார்.

வாங்குபவர்களுக்கும் ஒரு நிபந்தனை உண்டு. பார்சலைப் பிரிக்கும்போது, முதல் வெட்டில் இருந்து கடைசி மடிப்பு வரை நிறுத்தாமல் வீடியோ எடுக்க வேண்டும். வீடியோ இருந்தால்தான் புகார் எடுபடும்.

நோட்டில் உள்ள கணக்கு

பத்தாம் வகுப்பு படித்தவர் என்றாலும் கணக்கில் கெட்டி. கோடு போட்ட நோட்டில் ஒவ்வொரு புடவைக்கும் ஒரு வரி.

ஒரு காஞ்சிப் பட்டு. வாங்கியது 1,500. உலர் சலவை, பாலிஷ் 250. உறை, கூரியர் 90. ஆக 1,840. விற்றது 2,800. நின்றது 960.

இப்படி மாதம் எட்டு பட்டு போனால் அதிர்ஷ்டம். ஆனால் பட்டை மட்டும் நம்பினால் பட்டினிதான் என்கிறார்.

"பட்டு முகூர்த்தத்துக்குத்தான் போவும். காட்டன் தினமும் போவும். அடுப்பு எரியறது காட்டன்லதான்!"

சுங்குடி, செட்டிநாடு, கோவை காட்டன். ஒன்றுக்கு லாபம் 150 ரூபாய்தான். மாதம் நாற்பது விற்கிறது. வாங்குவோரில் டீச்சர்களும், ஆபீஸ் போகும் பெண்களும் அதிகம். நாலு தடவை துவைத்த காட்டன் உடம்புக்கு இதமாக இருக்கும் என்று கேட்டு வாங்குகிறார்களாம்.

காட்டனில் 6,000. பட்டில் 7,200 முதல் 7,700 வரை. போன் ரீசார்ஜ், பஸ் செலவு, விற்காமல் தேங்கிய துணி என்று ஆயிரத்துச் சொச்சம் கழிகிறது. மீதி 12 ஆயிரம்.

ஆடி மாதம் ஒரு கண்டம். கடைகளில் புதுப்புடவையே தள்ளுபடியில் கிடைக்கும்போது பழசை யார் சீந்துவார்கள்? மார்கழியில் கல்யாணம் இல்லை. அந்த மாதங்களில் கிழிந்த பட்டு கை கொடுக்கிறது. முந்தானையும் பார்டரும் நன்றாக இருந்தால் போதும். குழந்தைகளுக்குப் பட்டுப் பாவாடை தைப்பவர்களும், பரதநாட்டிய உடை தைக்கும் டெய்லர்களும் வாங்கிக் கொள்கிறார்கள்.

அதற்கும் உதவாத பருத்தித் துணி, ஒர்க்‌ஷாப்புகளில் எண்ணெய் துடைக்கும் வேஸ்ட் துணியாகப் போகிறது. எதுவும் குப்பைக்குப் போவதில்லை.

பட்டப்பகலில் மோசடி!

எல்லா நாளும் நல்ல நாளாக இருந்ததில்லை. 2023-ல் ஒரு நாள் மதியம். ஒருவன் போனில் அழைத்தான். தங்கை நிச்சயதார்த்தம், இரண்டு பட்டு அவசரமாக வேண்டும் என்றான். விலை 4,800. பேரமே பேசவில்லை.

பத்தாவது நிமிடம் 'பணம் செலுத்தப்பட்டது' என்று பச்சை டிக் போட்ட படம் வாட்ஸ்அப்பில் வந்தது. பதினைந்தாவது நிமிடம் ஹெல்மெட் போட்ட ஒரு வாலிபர் வாசலில் வந்து பார்சலை வாங்கிப் போனார்.

சாயங்காலம் பேங்க் கணக்கைப் பார்த்தார். ஒரு காசு ஏறவில்லை! வந்தது போலிப் படம். அந்த நம்பர் 'ஸ்விட்ச் ஆப்'.

போலீஸ் நிலையத்துக்குப் போனார். மனு கொடுத்து ரசீது வாங்கினார். புடவை இன்று வரை திரும்பவில்லை. மகளுக்குப் பரீட்சைக் கட்டணம் கட்ட வைத்திருந்த சரக்கு அது. கணவர் இரண்டு வாரம் இரவு லோடு அடித்து அந்தப் பணத்தைக் கட்டினார்.

அன்றில் இருந்து படத்தை நம்புவதில்லை. தன் பேங்க் கணக்கைத் தானே திறந்து பார்த்த பிறகுதான் பார்சல் கையை விட்டுப் போகிறது.

இன்னொரு வகை திருடனும் உண்டு. "பணம் அனுப்பறேன், இந்த கியூ.ஆர். படத்தை ஸ்கேன் பண்ணி உங்க பின் நம்பரைப் போடுங்க" என்பான். போட்டால் நம் பணம் அவனுக்குப் போய்விடும். பணம் கொடுக்கத்தான் பின் நம்பர் தேவை. வாங்குவதற்குத் தேவையே இல்லை. இப்படிக் கணக்கில் இருந்து பணம் பறிபோனால், உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்கு பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு.

பில் கிழியாத பட்டு

போன வருடம் ஒரு பெண் வந்தாள். பையில் ஐந்து பட்டு. விலைச் சீட்டு கூடக் கிழிக்கவில்லை. "ஐந்தும் சேர்த்து 3 ஆயிரம் குடுங்க போதும்" என்றாள். விற்றால் 15 ஆயிரத்துக்குக் குறையாது.

கை துறுதுறுத்தது. ஆனால் வாய் கேட்டு விட்டது. "நீங்க இதைக் கட்டிக்கிட்டு எடுத்த போட்டோ ஒண்ணு காட்டுங்கம்மா. இல்லேன்னா கடை பில்லு."

"எடுத்துட்டு வரேன்" என்று போனவள் வரவே இல்லை!

திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ வாங்கினால், வாங்கியவருக்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவு அப்படிச் சொல்கிறது. 2024 ஜூலை 1-ந் தேதிக்கு முன்பு இது இந்திய தண்டனைச் சட்டத்தின் 411-வது பிரிவாக இருந்தது.

இவருக்கு சட்டப் பிரிவு தெரியாது. "எங்கம்மா பாத்திரக் கூடை சுமந்தப்பவே சொல்லும். புதுசு மலிவா வந்தா வாங்காத, பின்னாடி போலீசு வரும்னு!" என்று சிரிக்கிறார்.

இந்தத் தொழிலில் இறங்க நினைப்பவர்கள் இன்னும் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். வெளிநாட்டுப் பழந்துணியை விற்பனைக்கு இறக்குமதி செய்ய லைசென்ஸ் வேண்டும். 'வெளிநாட்டு மூட்டை, முன்பணம் அனுப்புங்கள்' என்று வரும் விளம்பரங்களை நம்பி இறங்கக் கூடாது. ஜி.எஸ்.டி. சட்டப்படி வெளி மாநிலத்துக்கு சரக்கு விற்பவர்கள், வியாபாரம் சிறியது என்றாலும் பதிவு செய்ய வேண்டும். பெங்களூருக்குப் பார்சல் கட்டும் முன்பு ஆடிட்டர் ஒருவரைக் கேட்பது நல்லது. இவர் விவரம் தெரிந்த பிறகு, தமிழ்நாட்டுக்குள் மட்டும் அனுப்புகிறார்.

திரும்பாத புடவை

2025-ல் வெள்ளி விலை கிலோ 1 லட்சம் ரூபாயைத் தாண்டி ஓடியது. பழைய பட்டு எடைக்குக் கூடுதல் விலை கிடைத்தது. கட்டத் தகுந்த புடவைகள் கூட நெருப்புக்குப் போயின. இவருக்குச் சரக்கு கிடைப்பது கஷ்டமானது.

அப்போதும் சிலர் இவரிடமே கொண்டு வந்தார்கள். நூறு, இருநூறு குறைந்தாலும் பரவாயில்லை, யாராவது கட்டட்டும் என்றார்கள்.

அந்த நேரத்தில் அவருக்கு ஒரு ஆசை வந்தது. கையில் கொஞ்சம் பணம் சேர்ந்திருந்தது. திருநெல்வேலி டீச்சருக்குப் போன் போட்டார். "என் முகூர்த்தப் புடவையைத் திருப்பிக் குடுக்கிறீங்களா? 5 ஆயிரம் தரேன்" என்று கேட்டார்.

டீச்சர் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து ஒரு போட்டோ வந்தது. டீச்சரின் மகள் மணவறையில் உட்கார்ந்திருக்கிறாள். கட்டியிருப்பது அதே அரக்குப் பட்டு!

கீழே ஒரு வரி. "இது இப்போ எங்க பொண்ணோட முகூர்த்தப் புடவை அக்கா. மன்னிச்சிடுங்க."

அந்தப் படத்தை அவர் அழிக்கவில்லை. செல்போனைத் திறந்தால் அதுதான் முதலில் தெரிகிறது.

"எரிஞ்சு போயிருக்க வேண்டியது. ரெண்டாவது தடவை மணவறை ஏறிடுச்சு. அப்புறம் என்ன?" என்றபடி கண்ணைத் துடைத்துக் கொள்கிறார்.

இரவு மணி எட்டு. தினமும் புதுச் சரக்கு ஏற்றும் நேரம். செல்போன் விடாமல் 'டிங், டிங்' என்கிறது. மதுரையில் இருந்து யாரோ கேட்கிறார்கள்.

"அந்தப் பச்சைச் சுங்குடி இருக்குதா அக்கா?"

நோட்டில் புதிதாக ஒரு வரி ஏறுகிறது. லாபம் 150.