மலையேறும் வண்டியும் எண்ணெய்ச் சிக்கனமும்

நீலகிரியில் வாழ்வார்க்குப் பிக்கப் வண்டி புதியதொன்றன்று. காரட்டும் உருளைக்கிழங்கும் மேட்டுப்பாளையச் சந்தைக்கு இறங்குவதும், பறித்த பசுந்தேயிலை வாடுமுன் தொழிற்சாலை சேர்வதும், உரமூட்டைகள் கீழிருந்து மேலேறுவதும் பெரும்பாலும் அதனாலேயே. எண்ணெய்க்குச் செல்லும் பணமோ சிறு விவசாயியின் கைப்பொருளினின்றே கழிகின்றது. ஆதலின், சமவெளியில் நல்ல மைலேஜ் தரும் டீசல் வண்டி மலையில் அங்ஙனம் தாராமைக்குக் காரணம் யாது, அக்குறையை நீக்கும் வழி யாது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

முதற்கண் இயந்திரத்தின் இயல்பை அறிதல் வேண்டும். ஜெர்மானிய அறிஞர் ருடால்ப் டீசல் 1897-ஆம் ஆண்டில் வெற்றியுற இயக்கிக் காட்டிய இவ்வியந்திரத்திற்குத் தீப்பொறி வேண்டுவதில்லை. உருளையினுள் காற்று மிக இறுக அழுத்தப்பட்டுக் கடுஞ்சூடு அடைகின்றது. அச்சூட்டில் தெளிக்கப்படும் எண்ணெய் தானே பற்றி எரிகின்றது. எனவே காற்றே இதற்கு உயிர். உதகமண்டலமோ கடல்மட்டத்தினின்று ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலுள்ளது. ஆங்குக் காற்றின் அழுத்தம் கடற்கரையில் உள்ளதில் முக்காற்பங்கு அளவே. டர்போ என்னும் காற்றூட்டும் கருவி இக்குறையை ஓரளவு ஈடுசெய்யும். ஆயினும் காற்று வடிகட்டி தூசியால் அடைபட்டிருப்பின் அவ்வுதவியும் குன்றும். வண்டி கரும்புகை கக்குமாயின், விலைகொடுத்து வாங்கிய எண்ணெயில் ஒரு பகுதி முற்றும் எரியாமல் வெளியேறுகின்றது என்பதே பொருள்.

அடுத்து, ஏற்றத்தின் செலவைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்தினின்று உதகைக்கு ஏறும் உயரம் ஏறத்தாழ 1,900 மீட்டர். சுமையோடு 3,000 கிலோகிராம் எடையுள்ள வண்டியை அவ்வுயரம் தூக்குதற்கு ஏறத்தாழ 56 மெகாஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 36 மெகாஜூல் உண்டு. இயந்திரம் அதில் மூன்றிலொரு பங்கையே வேலையாக மாற்றுமெனக் கொண்டால், உயரம் ஏறுதற்கு மட்டும் நாலரை லிட்டருக்கு மேற் செலவாகும். தூரம் ஓடுதற்குரிய செலவு இதனின் வேறு. சுமையில் 300 கிலோகிராம் குறையின் அரை லிட்டரளவு மிஞ்சும். எனவே, வண்டியின் மூலையில் மறந்து கிடக்கும் வேண்டாத இரும்பும் ஒவ்வோர் ஏற்றத்திலும் தனக்குரிய கூலியை வாங்கியே தீரும்.

ஏறும்பொழுது உயர்ந்த கியரிலேயே நின்று இயந்திரத்தைத் திணறவிடுதல் சிக்கனமன்று. வேகம் தளருமுன் கியரைக் குறைத்துச் சீராக ஏறுதலே நன்று. வளைவை நெருங்கியபின் பிரேக்கை அழுத்திப் பின்னர் முடுக்குவதினும், தொலைவிலேயே முடுக்கியினின்று காலை எடுத்தல் மேலானது. டயர்க் காற்றை, வண்டி ஓடிச் சூடேறுமுன், காலையிலேயே அளத்தல் வேண்டும். குளிரில் காற்றழுத்தம் குறையும், குறைந்த டயர் எண்ணெயை உண்ணும்.

நிற்க. இறக்கத்திலேதான் பெரும்பிழை நேர்கின்றது. வண்டியை நியூட்ரலில் உருளவிட்டால் எண்ணெய் மிஞ்சும் என்று எண்ணுவார் பலர். இக்காலத்து டீசல் வண்டிகளில் அஃது உண்மையன்று. கியரில் இருக்க முடுக்கியினின்று காலை எடுத்தால், சக்கரங்களே இயந்திரத்தைச் சுழற்றுகின்றன. எண்ணெய் தெளிப்பும் நின்றுவிடுகின்றது. நியூட்ரலிலோ இயந்திரம் அணையாதிருத்தற்பொருட்டு எண்ணெய் எரிந்துகொண்டே இருக்கும். அன்றியும், வண்டியைத் தடுக்கும் பாரம் முழுதும் பிரேக்கின்மேல் விழுகின்றது. உதகையினின்று மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டிச் சாலையில் கொண்டையூசி வளைவுகள் 36. இடைவிடாது அழுத்தப்பட்ட பிரேக் அத்தகைய சாலையில் சூடேறித் தன் பிடியை இழக்கும். இயந்திரத்தையே அணைத்துவிடுவாரோ பிரேக்கிற்கும் ஸ்டியரிங்கிற்கும் உரிய துணைவலியையும் இழப்பர். ஏறிய கியரிலேயே இறங்குதல் உயிருக்குக் காப்பு, பணப்பைக்கும் காப்பு.

இறுதியாக, பயனை அளந்தறிதல் வேண்டும். ஏற்றத்தை மட்டுமோ இறக்கத்தை மட்டுமோ கொண்டு மைலேஜ் கூறுதல் மயக்கந்தரும். தொட்டியை நிரப்பிப் போய்மீண்டு, மறுபடியும் நிரப்பி, சென்ற தூரத்தை நிரப்பிய லிட்டராற் பிரித்தலே முறை. இங்ஙனம் சில முறை குறித்து வைப்பின், எந்த மாற்றம் பயன் தந்தது என்பது நமக்கு ஏட்டிலேயே விளங்கும்.