கண்ணுக்குத் தெரியாத ஒளிக்கும் கடிவாளம் வேண்டும்

டி.வி. ரிமோட்டில் ஓய்ந்துபோன பேட்டரியைச் சுவர்க் கடிகாரத்தில் போட்டுப் பாருங்கள். இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கடிகாரம் கேட்பது மிகச் சிறிய மின்னோட்டம். ரிமோட்டின் நுனியில் இருக்கும் அகச்சிவப்பு எல்.இ.டி. அப்படியல்ல. பொத்தானை அழுத்தியதும், ஒவ்வொரு துடிப்புக்கும் நூறு மில்லி ஆம்பியரைத் தாண்டிக்கூட இழுக்கும். பழைய பேட்டரியில் உள்மின்தடை கூடியிருக்கும். அதனால் அந்தக் கணத்தில் அதன் மின்னழுத்தம் சரிந்துவிடுகிறது, டி.வி. அசைந்து கொடுப்பதில்லை.

இந்த எல்.இ.டி.க்கு எவ்வளவு வோல்ட் தேவை என்பதை அதன் நிறமே தீர்மானிக்கிறது. ஒளியின் அலைநீளம் கூடினால் அதன் ஆற்றல் குறையும். நீல, வெள்ளை எல்.இ.டி.கள் 3 வோல்ட் அளவில் ஒளிர்கின்றன. ரிமோட்டில் வருவது 940 நானோமீட்டர் அகச்சிவப்பு, அதற்கு 1.2 முதல் 1.4 வோல்ட் போதும். 1962-இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் ஜேம்ஸ் பியர்டும் கேரி பிட்மனும் காப்புரிமை கோரிய காலியம் ஆர்சனைடு எல்.இ.டி.யும் அகச்சிவப்பு வகைதான்.

அப்படியானால் 1.35 வோல்ட்டை நேராகக் கொடுத்துவிடலாமா? கூடாது. சாதாரண 5 மில்லிமீட்டர் அகச்சிவப்பு எல்.இ.டி. ஒன்றில் 20 மில்லி ஆம்பியர் பாயும்போது சுமார் 1.2 வோல்ட் இருக்கும். 100 மில்லி ஆம்பியரில் சுமார் 1.35 வோல்ட். 0.15 வோல்ட் கூடியதற்கு மின்னோட்டம் ஐந்து மடங்கு! போதாக்குறைக்கு, எல்.இ.டி. சூடானால் அதற்குத் தேவையான மின்னழுத்தம் குறையும். அதே வோல்ட்டில் மின்னோட்டம் ஏறும், சூடு மேலும் கூடும், கடைசியில் கருகும். ஆகவே கட்டுப்படுத்த வேண்டியது மின்னோட்டத்தை.

அதற்கு எளிய வழி ஒரு ரெசிஸ்டர். 5 வோல்ட்டில் 20 மில்லி ஆம்பியர் வேண்டுமென்றால், 5-இலிருந்து 1.2-ஐக் கழித்து, மீதி 3.8-ஐ 0.02-ஆல் வகுக்க வேண்டும். விடை 190 ஓம். கடையில் கிடைக்கும் 220 ஓம் போட்டால் சுமார் 17 மில்லி ஆம்பியர் பாயும். கால் வாட் ரெசிஸ்டரே போதும். 100 மில்லி ஆம்பியர் என்றால் கணக்குப்படி 36.5 ஓம், 39 ஓம் போடலாம். ஆனால் அதில் 0.34 வாட் வெப்பமாகும் என்பதால் அரை வாட் ரெசிஸ்டர் அவசியம். பல எல்.இ.டி.களைப் பக்க இணைப்பில் போட்டால் ஒவ்வொன்றுக்கும் தனி ரெசிஸ்டர் வேண்டும். இல்லையென்றால் ஒன்றே பெரும்பங்கு மின்னோட்டத்தை வாங்கிக்கொள்ளும்.

தொடர்ந்து 100 மில்லி ஆம்பியர் மட்டுமே தாங்கும் சில எல்.இ.டி.கள், 100 மைக்ரோவிநாடி நீளும் ஒற்றைத் துடிப்பில் 1.5 ஆம்பியர் வரை தாங்கும். ரிமோட் பிழைப்பதும் இதனால்தான். பெரும்பாலான ரிமோட்டுகள் விநாடிக்கு சுமார் 38,000 முறை அணைந்து எரிகின்றன, இடைவெளியில் எல்.இ.டி. ஆறிக்கொள்கிறது.

சிவப்பு எல்.இ.டி. அளவு மீறி எரிந்தால் கண்ணுக்குத் தெரியும், இது தெரியாது. ஒளிர்கிறதா என்பதை மொபைல் கேமராவில் பார்க்கலாம், அளவோடு ஒளிர்கிறதா என்பதை மல்ட்டிமீட்டர்தான் சொல்லும். சக்தி மிகுந்த அகச்சிவப்பு விளக்கை அருகில் வைத்து உற்றுப் பார்க்காதீர்கள். ஒளி தெரியாததால் கண் தானாகச் சுருங்கித் தன்னைக் காத்துக்கொள்ளாது. சோல்டரிங் அயர்னைச் சூடாக்கும் முன், தயாரிப்பாளர் தரும் தரவுத்தாளில் மின்னோட்ட வரம்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.