இரு கைகளும் பிரியக் கற்கும் வயது

தாளில் வரைந்த வட்டத்தை வெட்டியெடுக்கப் பழகும் ஐந்து வயதுக் குழந்தையின் கைகளைப் பாருங்கள். கத்தரிக்கோல் பிடித்த கை ஓயாமல் உழைக்கும். தாளைப் பிடித்த கை விறைத்து நிற்கும். கத்தரி போகும் போக்குக்குத் தாளைத் திருப்பிக் கொடுக்க அந்தக் கை இன்னும் பழகவில்லை. இரு கைகளும் சேரத் தெரியாததால் வரும் தடுமாற்றம் என்று இதை நினைக்கிறோம். ஆனால் கைகளுக்குச் சேர்வது இயல்பாகவே வரும். ஒரே வேலைக்குள் ஆளுக்கொரு அசைவைச் செய்வதுதான் அவை பள்ளிப் பருவத்தில் கற்க வேண்டிய பாடம்.

அமெரிக்காவில் ஆய்வாளர் ஸ்காட் கெல்சோ 1984-இல் வெளியிட்ட சோதனை இதற்கு நல்ல சான்று. இரு ஆள்காட்டி விரல்களையும் ஒரே திசையில், கார்க் கண்ணாடியின் துடைப்பான்களைப் போல, இடமும் வலமுமாக ஆட்டச் சொன்னார். மெதுவாக ஆட்டியவரை சிக்கலில்லை. வேகம் கூடியதும் விரல்கள் தாமாகவே கண்ணாடிப் பிம்பம்போல ஒன்றையொன்று நோக்கி வந்து விலகும் அசைவுக்கு மாறின. பிம்ப அசைவில் தொடங்கியவர்களுக்கோ எந்த வேகத்திலும் அப்படி மாறவில்லை. வளர்ந்தவர்களுக்கே இந்த நிலை என்றால் குழந்தைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு கைவிரல்களை அசைக்கும்போது மறுகை விரல்களும் லேசாகத் துடிப்பதைச் சிறுவர்களிடம் காணலாம். பத்து வயதை ஒட்டி அது பெரும்பாலும் மறைகிறது. மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் கார்பஸ் கலோசம் என்ற நரம்புப் பாலம் இளமைப் பருவம்வரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. ஒரு பாதியின் கட்டளை மறுபாதிக்குள் கசியாமல் அடக்குவதிலும் அதற்குப் பங்குண்டு.

மூளை தானாக முதிருமென்றால் பயிற்சி எதற்கு என்று கேட்கலாம். ஆறு வயதை ஒட்டிய குழந்தைகள் 15 மாதங்கள் விசைப்பலகை இசை கற்றபின், கற்காதவர்களைவிட அவர்களுடைய விரல் திறன் கூடியிருந்தது; கார்பஸ் கலோசத்திலும் மாற்றம் தெரிந்தது என்று 2009-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. முதிர்ச்சி வழிவிடுகிறது, பழக்கம் அந்த வழியை அகலப்படுத்துகிறது. காத்திருந்தாலே எல்லாம் சரியாகிவிடும் என்பதும் தவறு. பள்ளி வயதினரில் சுமார் 5 முதல் 6 விழுக்காட்டினருக்கு அசைவு ஒருங்கிணைப்பில் நீடித்த குறைபாடு உண்டு. பித்தான் மாட்டுவதிலும் கயிறு முடிவதிலும் ஒரு குழந்தை ஒத்த வயதினரைவிட வெகுவாகப் பின்தங்கினால், திட்டுவதை விட்டு மருத்துவரிடம் காட்டுவதே முறை.

மற்றக் குழந்தைகளுக்கு வேண்டியது அவசரப்படுத்தாத பயிற்சி. வேகம் ஏறினால் கைகள் பழைய பிம்ப அசைவுக்கே திரும்பும் என்பதுதானே கெல்சோ கண்டது? வலந்தலை என்ற முகத்தில் ஒரு கையும் தொப்பி என்ற முகத்தில் மறு கையும் வெவ்வேறு சொற்களை வாசிக்க வேண்டிய மிருதங்கத்தில், பாடத்தை மெதுவான முதற்காலத்தில் நிலைநிறுத்திய பிறகே ஆசிரியர் வேகமான இரண்டாம் காலத்துக்குப் போகச் சொல்வார். கத்தரிக்கோல் பிடிக்கும் குழந்தைக்கும் அந்த முதற்காலத்தை நாம் தர வேண்டும்.