குஞ்சுகளுக்கு வரும் இரத்தக் கழிச்சல்

ஐப்பசி மழை பிடித்து, ஏரிகளில் நீர் ஏறி, நிலமெங்கும் ஈரம் நிற்கும் நாட்களில் கலவை வட்டாரத்துக் கிராமங்களில் ஒரு குறை தவறாமல் காதில் விழும். தாய்க்கோழியின் பின்னே திரிந்த பத்துப் பன்னிரண்டு குஞ்சுகளில் முதல் நாள் ஒன்று ஒடுங்கி நிற்கிறது, மறுநாள் நான்கு, வாரம் முடிவதற்குள் கூடை வெறுமையாகிறது. காற்றுப் பட்டுவிட்டது என்பர் சிலர்; கண் பட்டுவிட்டது என்பர் வேறு சிலர். எச்சத்தில் இரத்தம் காணப்பட்டிருந்தால் இவ்விரண்டும் அல்ல; பெரும்பாலும் அது இரத்தக் கழிச்சல் நோயே. இதற்கு மருந்து உண்டு, விலையும் அதிகமன்று. மருந்து இரண்டு மூன்று நாள் தாமதித்துச் சேர்வதாலேயே குஞ்சுகள் மடிகின்றன. தறியில் வேலை குறைந்த வாரங்களில் கோழி விற்ற பணத்தைக் கொண்டு மளிகைக் கடனை அடைக்கும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. ஆகவே, ஐயம் தோன்றிய அன்றே செய்ய வேண்டுவன யாவை என்பதை இங்கே எழுதுகிறோம். குஞ்சு வளர்ப்பது பெரும்பாலும் நம் தாய்மார்களாதலால், அங்கத்தினர்கள் இதை வீட்டில் படித்துக் காட்டுவார்களாக.

மருத்துவர்கள் இந்நோயைக் காக்சிடியோசிஸ் என்பர். இதை உண்டாக்குவது பாக்டீரியாவுமன்று, வைரஸுமன்று. ஐமீரியா என்னும் ஓரணு உயிர். கோழியைத் தாக்கும் ஐமீரியாவில் ஏழு வகை உண்டு. அவற்றுள் இளங்குஞ்சுகளுக்குப் பெருங்கேடு செய்வது டெனெல்லா என்னும் வகை. நோய் கண்ட கோழியின் எச்சத்தோடு, கண்ணுக்குத் தெரியாத முட்டை போன்ற வித்துக்கள் வெளிவருகின்றன. வெளிவந்த உடனே அவை தீங்கு செய்வதில்லை. ஈரமும் வெதுவெதுப்பும் கிடைத்தால் ஓரிரு நாளில் முற்றிவிடும். முற்றிய வித்தைத் தீனியோடோ தண்ணீரோடோ குஞ்சு விழுங்கினால், அது குருட்டுக் குடலின் சுவரில் புகுந்து பெருகி, நான்காம் ஐந்தாம் நாளில் அச்சுவரைச் சிதைத்து வெளிப்படும். நாம் எச்சத்தில் இரத்தம் காண்பது அப்போதுதான். ஐந்தாறு நாளில் சாவும் நேர்கிறது. இரத்தத்தைக் கண்ட பிறகும் "இன்னும் இரண்டு நாள் பார்ப்போம்" என்றிருப்பது ஏன் தகாது என்பது இந்தக் கணக்கிலேயே விளங்கும்.

தாய்க்கோழி நலமாயிருக்கக் குஞ்சுக்கு மட்டும் நோய் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கின்றனர். வளர்ந்த கோழி சிறுகச் சிறுக இவ்வித்துக்களை உண்டு எதிர்ப்புச் சக்தி பெற்றுவிட்டது; தான் நோயுறாமலே வித்துக்களை எச்சத்தில் விடக்கூடும். குஞ்சுக்கு அச்சக்தி இனிமேல்தான் வர வேண்டும். மூன்றாவது வாரத்திலிருந்து ஆறாவது வாரம் வரை அதற்கு ஆபத்தான காலம். பரந்த வெளியில் மேயும் பத்துக் குஞ்சுகள் சிறிதளவே உண்டு தேறிவிடும். வனராஜா, நந்தனம் போன்ற இனங்களில் ஐம்பது குஞ்சுகளை ஒருங்கே வாங்கி ஒரு சிறு கொட்டிலில் அடைப்போமானால், ஒரே நாளில் அளவுக்கு மீறிய வித்துக்கள் உள்ளே போய்விடுகின்றன. நெருக்கமே பாதி நோய் எனலாம்.

மற்றைய பாதி ஈரம். இதில் நெசவாளர் இல்லங்களுக்குத் தனியே ஒரு சொல். பாவு அறாமலிருக்கத் தறிக்குழி உள்ள அறையில் ஈரம் காப்பது நம் வழக்கம். நூலுக்கு நல்லதாகிய அந்த ஈரம் குஞ்சுக்குக் கூற்று. தறி மூலையில் கூடை கவிழ்த்துக் குஞ்சடைப்பதை இன்றே நிறுத்துதல் வேண்டும்.

இனி, நோயை அடையாளம் காண்பது எப்படி? குஞ்சுகள் இறகு சிலிர்த்து, சிறகு தொங்கி, குளிரில் நடுங்குவன போல் ஒன்றோடொன்று ஒண்டி நிற்கும், தீனி எடுக்கா, முகமும் கால்களும் வெளிறும். எச்சம் முதலில் செம்பழுப்பாகவும் பின் இரத்தமாகவும் போகும். நம் ஊர்களில் வெள்ளைக் கழிச்சல் எனப்படும் இராணிகேத் நோயோடு இதைக் குழப்பிக்கொள்ளலாகாது. அந்நோயில் எச்சம் வெண்மையும் பச்சையுமாகப் போகும். மூச்சுத் திணறலும், கழுத்துத் திருகலும், கால் வாதமும் காணும். பெரிய கோழிகளும் சாகும். இமயமலைப் பகுதியிலுள்ள இராணிகேத் என்னும் ஊரில் 1927-இல் கண்டறியப்பட்டதால் அப்பெயர் பெற்றது. நம் இராணிப்பேட்டைக்கும் அப்பெயருக்கும் தொடர்பில்லை. ஆயினும் 1932-இல் இராணிப்பேட்டையில் நிறுவப்பட்ட கால்நடை நோய்த் தடுப்பு மருந்து நிலையம் அந்நோய்க்குரிய தடுப்பு மருந்தைத் தயாரித்து வந்திருக்கிறது என்பது நமக்குப் பெருமையே. அத்தடுப்பு மருந்து இரத்தக் கழிச்சலைத் தடுக்காது என்பதையும் நினைவிற் கொள்க.

ஐயம் உறுதியாகும் வரை காத்திருக்க வேண்டுமா? வேண்டா என்பதே நம் கருத்து. மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளில் ஒன்றிரண்டு ஒடுங்கி, எச்சத்தில் இரத்தமும் காணின், அன்றே அந்தக் கூட்டம் முழுமைக்கும் மருந்து தொடங்கலாம். வெறும் கழிச்சல் கண்டவுடன் மருந்தைக் கொட்டுவதும் தவறு. இரத்தமும் வயதுமே நமக்கு வழிகாட்டி. மருந்தைத் தீனியில் கலப்பதினும் தண்ணீரில் கலப்பதே சிறந்தது. நோயுற்ற குஞ்சு தீனியை வெறுத்தாலும் தண்ணீரைக் குடிக்கும்.

முதலில் தேட வேண்டியது ஆம்புரோலியம் என்னும் மருந்து. நூற்றுக்கு இருபது பங்கு வலிமையுள்ள தூளாயின் 25 லிட்டர் தண்ணீருக்கு 30 கிராம் என்பது அளவு. இருபது குஞ்சு உள்ள வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் செலவாகாது, லிட்டருக்கு 1.2 கிராம் கணக்கில் தினந்தோறும் புதிதாகக் கலக்க வேண்டும். ஐந்து நாள் இவ்வாறு கொடுத்து, பிறகு ஒரு வாரம் அந்த அளவில் கால் பங்கு கொடுக்கலாம். பொட்டலத்தின் வலிமை வேறாயின் அதில் எழுதியுள்ளபடியே நடக்க. கிணற்றடிக் குட்டையும் மாட்டுத் தொட்டியும் எட்டும்படி இருந்தால் குஞ்சு மருந்துத் தண்ணீரை நாடாது. அந்நாட்களில் குஞ்சுகளை அடைத்தே வைக்க வேண்டும். குடிக்கவும் வலுவற்றதற்குச் சொட்டுச் சொட்டாக அலகோரத்தில் விடுக.

இம்மருந்து பி-1 வைட்டமினைப் போல் உருக்கொண்டு ஐமீரியாவை ஏமாற்றிப் பட்டினியிடுகிறது. எனவே, பரிவு மிகுதியால் அதே தண்ணீரில் பி-காம்ப்ளெக்ஸ் டானிக்கைக் கலந்தால் மருந்தின் வேலை கெடும். அதை ஐந்து நாள் கழித்துக் கொடுக்கலாம். வைட்டமின் ஏ-யும் கே-யும் இடையிலேயே கொடுக்கத் தக்கவை. சல்பா மருந்துகளும் இந்நோயைக் கேட்கும். 1939 முதல் அறியப்பட்ட செய்தி இது. ஆனால் அளவு மீறினால் அவையே இரத்தக் கசிவை உண்டாக்கும். மருத்துவர் சொல்லின்றி அவற்றைத் தொட வேண்டா. மருந்துக் கடையில் எளிதாகக் கிடைக்கிறதென்று டெட்ராசைக்கிளினை வாங்கிக் கொடுப்பது வீண். அது பாக்டீரியாவுக்கான மருந்து. மஞ்சள், சின்ன வெங்காயம், கீழாநெல்லி ஆகியன கொடுப்போரை நாம் தடுக்கவில்லை. அவற்றை நம்பி மருந்தைத் தள்ளிப் போடுவதையே மறுக்கிறோம்.

மருந்தோடு நின்றால் போதாது. வித்து முற்ற ஓரிரு நாள் வேண்டுமென்றோமல்லவா? ஆகவே கொட்டிலின் உமியையோ நிலக்கடலைத் தோலையோ ஒன்றுவிட்டு ஒரு நாள் வாரி வெளியேற்றினால், அடுத்த சுற்று தொடங்குமுன்பே அறுபடும். ஈரம் பட்ட பகுதியை அன்றன்றே அகற்றுக. தண்ணீர்ப் பாத்திரத்தைச் செங்கல் மேல் உயர்த்தி வைத்தால் எச்சம் விழுவதும் தண்ணீர் சிந்துவதும் குறையும். பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இவ்வித்துக்களை அழிப்பதில்லை. கொதிநீரும் கடும் வெயிலும் உலர்ந்த தரையுமே பகை. தரையில் தூவப் புதிய நீற்றுச் சுண்ணாம்பு வாங்குக. தோல் பதனிடும் இடங்களில் கழித்தெறிந்த சுண்ணாம்பு இனாமாகக் கிடைக்கிறதென்று கொணர்தல் கூடாது. அதில் மயிர் களையச் சேர்க்கும் சல்பைடு கலந்திருக்கும்.

குஞ்சு இறந்தால் தெருவில் எறியாமல், துணியில் சுற்றிப் பனிக்கட்டியோடு ஒரு பாத்திரத்திலிட்டு, அன்று காலையிலேயே அருகிலுள்ள அரசுக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு செல்க. குருட்டுக் குடல்கள் இரண்டும் இரத்தம் நிறைந்து பருத்திருப்பதை மருத்துவர் அறுத்துப் பார்த்த மாத்திரத்தில் காண்பார். வேறு நோயாயின் மருந்தை அப்போதே மாற்றிக்கொள்ளலாம். ஆய்ந்த உடலைச் சுண்ணாம்பிட்டு ஆழப் புதைத்தல் வேண்டும்.

தேறிய குஞ்சுகளுக்கு வெள்ளைக் கழிச்சல் தடுப்பூசி எட்டாவது வாரத்தில் போடப்படும். அப்போதும் சோர்வு தெளியாதவற்றை ஒதுக்கி வைத்து, நன்றாகத் தீனி எடுத்த பின்னரே ஊசிக்குக் கொண்டு செல்க.