துப்பாக்கிக் குழலை எதைப் பார்த்து வாங்குவது?

கல்வெட்டு, சமண இலக்கியம் என்று எழுதி வந்தவன் இந்த ஆண்டு மலரில் துப்பாக்கியைப் பற்றி எழுதுகிறேனே என்று சிலர் புருவம் உயர்த்தக்கூடும். காரணம் இருக்கிறது.

கடலூரில் பிறந்து அகமதாபாத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன், 2019இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் 10 மீட்டர் ஏர் ரைபிள் பிரிவில் தங்கம் வென்றார். நம்மைப் போல வெளி மாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பத்துப் பெண். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் சுவப்னில் குசாலே 50 மீட்டர் ரைபிள் பிரிவில் வெண்கலம் வாங்கினார். இவற்றையெல்லாம் பார்த்து நம் பிள்ளைகளுக்கும் ஆசை வந்துவிட்டது. என் பேத்தியும் அதில் ஒருத்தி. "தாத்தா, நீங்க டிரில் பிட் கடைக்காரர்தானே, எந்த பேரல் நல்லதுன்னு சொல்லுங்களேன்" என்று கேட்டாள்.

சாவ்ரி பஜாரில் நாற்பது ஆண்டாக டிரில், ரீமர், டேப் விற்கிறேன். துளை போடும் சாமான் தெரியும். துளை வழியே குண்டு போகும் சங்கதி தெரியாது. படித்தும் விசாரித்தும் தெரிந்துகொண்டதை, பிள்ளைகளுக்குப் பணம் செலவழிக்கப்போகும் பெற்றோருக்காக இங்கே எழுதுகிறேன்.

விட்வொர்த் கதை

துப்பாக்கி என்ற நம் சொல் துருக்கியரின் 'துஃபெக்' வழியே வந்தது. ரைபிள் என்பது வேறு. குழலின் உட்சுவரில் முறுக்காக வெட்டிய காடிகளால் வந்த பெயர் அது. இந்தக் காடிகள் குண்டைப் பம்பரம்போலச் சுழல வைக்கின்றன. சுழலும் பம்பரம் சாயாது. அதேபோலச் சுழலும் குண்டும் புரளாமல் நேரே போகும்.

நம் கடைகளில் போல்ட் வாங்குகிறவர்கள் "விட்வொர்த் மரையா, மெட்ரிக் மரையா?" என்று கேட்பார்கள். 1841இல் அந்த மரை அளவை வகுத்த ஜோசப் விட்வொர்த்தான் பின்னாளில் ரைபிள் குழலையும் ஆராய்ந்தவர். அப்போது ஆங்கிலேயப் படையிடம் இருந்த என்ஃபீல்டு ரைபிளின் துளை 0.577 அங்குலம், 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று. விட்வொர்த் துளையை 0.451 அங்குலமாகக் குறைத்தார். 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்தார். 1857இல் நடந்த சோதனைகளில் அவர் ரைபிள் என்ஃபீல்டை எளிதாகத் தோற்கடித்தது. 1860இல் விம்பிள்டன் போட்டியை விக்டோரியா அரசியார் தொடங்கி வைத்ததும் அந்த ரைபிளில்தான்.

ஆனால் படை அதை எடுத்துக்கொள்ளவில்லை. விலை பல மடங்கு. சிறிய துளையில் வெடிமருந்துக் கசடு சீக்கிரம் சேர்ந்துவிடும். குறியில் முதல், ஆனால் போர்க்களத்துக்கு ஒத்துவரவில்லை. நான் சொல்லவந்த விஷயத்துக்கு இதுவே அடிப்படை. 'நல்ல குழல்' என்று பொதுவாக ஒன்று கிடையாது. எந்த வேலைக்கு என்று முதலில் கேட்க வேண்டும்.

முறுக்கும் நீளமும்

பிள்ளைகள் முதலில் தொடங்குவது 10 மீட்டர் ஏர் ரைபிள். 4.5 மில்லிமீட்டர் துளையும் 20 ஜூலுக்கு மேற்படாத வேகச்சக்தியும் உள்ளதற்கு 2016 ஆயுத விதிகளின்படி உரிமம் வேண்டாம். அதில் குழலைத் தேர்வு செய்யும் கேள்வியே அநேகமாக எழாது. அடுத்த படி .22 லாங் ரைபிள். 1887இல் அமெரிக்காவில் வந்த இந்தத் தோட்டாதான் இன்றும் 50 மீட்டர் போட்டிக்கு. இதற்கு உரிமம் கட்டாயம். குழலைத் தேர்வு செய்யும் பேச்சும் இங்கேதான் ஆரம்பம்.

முறுக்கின் அளவுக்கு 1879இல் வூலிச் பேராசிரியர் கிரீன்ஹில் ஒரு கணக்குச் சொன்னார். குண்டின் விட்டத்தின் வர்க்கத்தை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுக்க வேண்டும். .22 குண்டின் விட்டம் 0.223 அங்குலம், நீளம் ஏறக்குறைய 0.46. போட்டுப் பாருங்கள், 16க்குப் பக்கத்தில் வரும். .22 குழல்கள் பெரும்பாலும் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றே வருவதற்கு இதுதான் கணக்கு. "எங்க முறுக்கு ஸ்பெஷல்" என்று யாராவது சொன்னால் நிதானமாகக் கேளுங்கள்.

அடுத்தது நீளம். நீளக் குழல் என்றால் அதிக வேகம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். .22 தோட்டாவில் மருந்து கொஞ்சம். 16 முதல் 19 அங்குலத்துக்குள் அதன் தள்ளும் வேகம் அநேகமாகத் தீர்ந்துவிடும். அதற்கு மேல் உராய்வுதான். போட்டி ரைபிளில் 26 அங்குலக் குழல் வைப்பதற்குக் காரணம் வேறு. முன் குறியும் பின் குறியும் தள்ளியிருந்தால் கண்ணின் பிழை குறையும். இப்போது குட்டைக் குழலின் முனையில் வெறும் குழாய் ஒன்றை மாட்டியும் இந்தத் தூரத்தைச் சம்பாதிக்கிறார்கள். குண்டு சீக்கிரம் வெளியேறிவிடுவதால் கை நடுங்கும் நேரமும் குறைகிறது.

இரண்டு வேலை, இரண்டு குழல்

அமெரிக்காவில் .22 ரைபிளை முயலுக்கும் அணிலுக்கும் எடுத்துப்போகிறார்கள். நாளெல்லாம் தோளில் சுமக்க வேண்டும். சுடுவது ஒன்றிரண்டு தடவை, அதுவும் பெரும்பாலும் 50 கெஜத்துக்குள். ஆகவே முனை நோக்கி மெலிந்த, 18 முதல் 22 அங்குலமுள்ள இலேசான குழல் போதும். முழு ரைபிளும் 3 கிலோவுக்குள் இருக்கும்.

குறி சுடுகிறவன் சுமப்பதில்லை. ஒரே இடத்தில் நின்றும் மண்டியிட்டும் படுத்தும் மணிக்கணக்கில் சுடுகிறான். அவனுக்குக் கனமான, நேரான குழல் வேண்டும். ரைபிள் 5 கிலோவைத் தாண்டும். சுடும்போது குழல் தந்திக் கம்பிபோல அதிர்கிறது. தடித்த குழல் குறைவாக அதிரும். கனமாக இருப்பதால் கையிலும் அசையாமல் நிற்கும்.

தோட்டா உட்காரும் அறையும் இரண்டுக்கும் வேறு. வேட்டைக் குழலில் அது சற்றுத் தளர்வாக இருக்கும். எந்தத் தோட்டாவும் தடங்கலின்றி உள்ளே போக வேண்டுமே. போட்டிக் குழலில் இறுக்கம். குண்டின் தலை காடிகளை மெல்லத் தொட்டு உட்காரும்.

நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டையும் குற்றம். ஆகவே வெளிநாட்டுக் கேட்லாக்கில் வேட்டைக்கு என்று போட்டிருக்கும் மெல்லிய குழல் பார்க்க அழகாயிருக்கிறது, விலை குறைவு என்று நம் பிள்ளைக்கு வாங்கினால், வேறொருவர் வேலைக்கு ஆன சாமானை வாங்கினதாகும்.

எஃகும் வேலைப்பாடும்

குழலுக்கு நீளத் துளை போடுவது கன் டிரில். அதன் உள்ளே எண்ணெய் ஓடும். எங்கள் கடையில் இதை அச்சு வார்ப்பவர்கள் வாங்குவார்கள். பிறகு காடி போடுகிறார்கள். ஒவ்வொரு காடியாக வெட்டலாம். கார்பைடு பொத்தானை இழுத்து அழுத்தலாம். அச்சுக் கம்பியின் மேல் குழலைச் சுத்தியலால் அடிக்கலாம். மூன்றிலும் முதல் தரக் குழல் உண்டு, சுமாரானதும் உண்டு. முக்கியம், துளை முனைவரை ஒரே அளவாக இருப்பது. எங்காவது அகன்றால் குண்டு அங்கே பிடி தளரும்.

எஃகைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மிருதுவான ஈயக் குண்டு பல பத்தாயிரம் சுட்ட பின்னும் குழலைப் பெரிதாகத் தேய்க்காது. மும்பை போன்ற கடற்கரை ஊரில் இருப்பவர்களுக்குத் துருப்பிடிக்காத ஸ்டீல் நல்லது. தில்லியில் எண்ணெய் போட்டுப் பராமரித்தால் குரோம்மாலி எஃகே போதும்.

என் அனுபவம்

பேத்தி சுட்டது ஒரு சங்கத்தின் பழைய ரைபிள். ஐந்து குண்டும் 15 மில்லிமீட்டருக்குள் விழுந்துகொண்டிருந்தது, திடீரென்று 35 ஆனது. 50 மீட்டர் இலக்கில் பத்துப் புள்ளி வட்டம் 10.4 மில்லிமீட்டர்தான். அழுதுவிட்டாள். பார்த்த வியாபாரி ஒருவர், "பேரல் தேஞ்சுபோச்சு, வெளிநாட்டுச் சரக்கு போடணும்" என்றார். நானும் சங்கத்துக்கு வாங்கிக் கொடுத்துவிடலாம் என்று வங்கியில் போட்டிருந்த டெபாசிட்டை உடைக்கக் கிளம்பிவிட்டேன்.

முந்தின நாள் சாயங்காலம், கடையில் டிரில் முனை பார்க்கிற பத்து மடங்கு லென்சை எடுத்துக்கொண்டு போய்க் குழலின் வாயைப் பார்த்தேன். ஓர் ஓரத்தில் மின்னுகிற சின்ன வடு. யாரோ இரும்புக் கம்பியை வாய்ப்பக்கமாக நுழைத்தே துடைத்து வந்திருக்கிறார்கள். குண்டு வெளியேறும் கணத்தில் பின்னால் வரும் வாயு சுற்றிலும் சமமாக விடுபட வேண்டும். ஒரு பக்கம் முந்தினால் அது குண்டின் வாலைத் தட்டிவிடும். உரிமம் பெற்ற கைவினைஞர் ஒருவர் லேத்தில் சில மில்லிமீட்டர் கடைந்து வாயைச் சீராக்கினார். குண்டுகள் மறுபடி 15க்குள் வந்தன. டெபாசிட் பிழைத்தது.

ஆகவே பெற்றோருக்கு என் வேண்டுகோள். குழல் மாற்றுமுன் வாயைப் பாருங்கள். பிடியின் திருகுகள் இறுக்கமா என்று பாருங்கள். நாலைந்து வகைத் தோட்டாக்களை, ஒவ்வொன்றிலும் ஐந்தைந்தாக ஐந்து தடவை, தாங்கியில் வைத்துச் சுட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு குழலுக்கு ஒத்துக்கொண்ட தோட்டா அடுத்த குழலுக்கு ஒத்துவராது. ஒலியைவிட வேகம் குறைந்த, விநாடிக்கு 330 மீட்டர் அளவிலான போட்டித் தோட்டாக்களே அநேகமாக நன்றாக விழும். விலைச்சீட்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஓட்டை விழுந்த அந்தக் காகிதத்தைப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று. இல்லறத்தார் கொலைக்கருவி கொடுக்கலாகாது என்று இரத்தினகரண்ட சிராவகாசாரம் விதிக்கிறது. "சமணன் பேத்திக்கு பேரல் தேடித் தரலாமா?" என்று என் சம்பந்தி கேட்டார். நானும் பல இரவு யோசித்தேன். கருவி ஒன்றுதான், அது எதை நோக்கி நீள்கிறது என்பதில்தான் எனக்கு வேறுபாடு தெரிகிறது. பேத்தியிடம் ஒரே ஒரு வார்த்தை வாங்கிக்கொண்டேன், உயிருள்ள எதையும் நோக்கிக் குழலைத் திருப்பக் கூடாது என்று. "சரி தாத்தா, காகிதம் மட்டும்தான்" என்றாள். சம்பந்திக்கு இன்னும் சமாதானம் ஆகவில்லை. எனக்கு முக்கால் பங்கு ஆகியிருக்கிறது.